உடையாத ஐஸ் குச்சிப் பாலம்

அக்கா, காலைக் கொஞ்சம் நகர்த்திக்கிறீங்களா? பை இல்லைங்க, பாலம். ஆமா, பாலம்தான். துணியை விலக்கிக் காட்டறேன், பாருங்க. அத்தனையும் ஐஸ் குச்சி. குச்சியும் வெள்ளைப் பசையும் தவிர வேற ஒண்ணும் கிடையாது, ஒரு ஆணி கிடையாது. நீங்க எங்க இறங்கணும்? புலிவலமா? நல்லதாப் போச்சு. அதுவரைக்கும் அந்த ஓரத்தை லேசாப் பிடிச்சுக்கங்க. நான் துறையூர். இந்த டிரைவர் போடற பிரேக்குக்கு நான் ஒருத்தியே பிடிச்சுக்கிட்டு வந்தா தாங்காது. பாலம் தாங்கும், என் கைதான் தாங்காது.

காலேஜ்ல வாத்தியார் வேலைங்க. சிவில் இன்ஜினியரிங். பேரு தமயந்தி. அதோ பின்னால, கடைசிக்கு முந்தின சீட்ல, கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கற மாதிரி ஒருத்தர் இருக்காரே, நீலக் கட்டம் போட்ட சட்டை... திரும்பாதீங்க, திரும்பினா நான் சொன்னேன்னு தெரிஞ்சுடும். சரி, பாத்துட்டீங்க. அவர்தான் எங்க வீட்டுக்காரர். அவரும் அதே காலேஜ், மெக்கானிக்கல். குலசேகரன் சார்னா அங்க ஒரு மரியாதை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஏறினோம். நான் முன்னால வந்துட்டேன், அவர் பின்னால போயிட்டார். டிக்கெட் மட்டும் ரெண்டு பேருக்கும் சேர்த்து எடுத்துட்டாராம், கண்டக்டர் வந்து சொன்னார். நான் ஒண்ணும் கேக்கல.

பேசறதில்லைங்க. ரெண்டு மாசமாச்சு. சண்டையெல்லாம் கிடையாது. நான் சண்டை போடற ஆளே இல்ல, யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. பேசறதை நிறுத்திட்டேன், அவ்வளவுதான். எங்க பொண்ணு இளவேனில்தான் நடுவுல. எட்டாவது படிக்கறா. அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு, அம்மாகிட்ட பைக் சாவி எங்கன்னு கேளுன்னு ரெண்டு நாள் ஓடினா. மூணாம் நாள் எங்க மூணு பேரையும் போட்டு வாட்ஸ்அப்ல ஒரு குரூப் ஆரம்பிச்சுட்டா. பேரு ‘வீடு’. இனிமே எது வேணும்னாலும் இதுல பேசிக்கங்க, எனக்குப் பரீட்சை இருக்குன்னுட்டா. நான் ‘ரசம் வெச்சிருக்கேன்’னு போடுவேன். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டற படத்தைப் போடுவார். ‘கேஸ் தீந்துருச்சு’ன்னு போடுவேன். அதுக்கும் கட்டைவிரல். என்ன மனுஷனோ.

எதுக்குன்னு கேக்கறீங்களா? சொல்றேன். சொன்னா நீங்களே நியாயம் சொல்லுங்க.

பெரிய பெரிய இன்ஜினியர்களுக்கெல்லாம் சங்கம் இருக்குல்ல? சிவிலுக்கு ஒண்ணு, மெக்கானிக்கலுக்கு ஒண்ணு, கரண்டுக்காரங்களுக்கு ஒண்ணு. அந்தச் சங்கங்களுக்கு காலேஜ் காலேஜா மாணவர் கிளை உண்டு. நாங்க சாப்டர்னு சொல்லுவோம். பசங்கள்ல ஒருத்தர் சேர்மன், ஒருத்தர் செகரட்டரி. வருஷா வருஷம் தொடக்க விழா, குத்துவிளக்கு, பொன்னாடை, அப்புறம் ஒரு போட்டி, ஒரு கருத்தரங்கு. அதைக் கவனிச்சுக்க ஒரு வாத்தியாரைப் போடுவாங்க. எங்க சிவில் சாப்டருக்கு நான். மெக்கானிக்கல் சாப்டருக்கு அவர். ஒரே வீட்டுல ரெண்டு கட்சி ஆபீஸ் மாதிரின்னு வெச்சுக்கங்களேன்.

அவர் சாப்டர்னா கூட்டம் அள்ளும். எல்லாம் ரோபோ. தரையில ஒரு வெள்ளைத் தாளை விரிச்சு, அதுல வளைச்சு வளைச்சுக் கறுப்புக் கோடு போட்டிருப்பாங்க. சின்ன வண்டி மாதிரி ஒண்ணு அந்தக் கோட்டைப் பாத்துக்கிட்டே தானா ஓடும். அதுல என்னதான் இருக்கோ, பசங்க அதைப் பாக்க அடிச்சுக்குவாங்க. சிறந்த சாப்டர்னு காலேஜ்ல வருஷா வருஷம் ஒரு ஷீல்டு குடுப்பாங்க. எனக்குத் தெரிஞ்சு அது அவரைத் தவிர யார்கிட்டயும் போனதில்ல. எங்க வீட்டு டிவி பக்கத்துலதான் நிக்கும். நான்தான் தொடைக்கணும்.

ரோபோவால நான் பட்ட பாடு கொஞ்சமில்லக்கா. போட்டிக்கு முன்னாடி பசங்க வீட்டுக்கு வந்து ஹால்ல ஓட்டிப் பாப்பாங்க. ஓட்டறப்போ ஒரு ஜன்னல் திறக்கக் கூடாது. வெயில் ஒரு துளி உள்ள வந்தா அந்த வண்டிக்குக் கோடு தெரியாதாம், கண்ணைக் கட்டி விட்ட மாதிரி சுத்துமாம். சித்திரை மாசத்துல, கரண்டும் இல்லாத நேரத்துல, உள்ள வெந்து போய் நான் ஒரு கதவை ஒரு விரக்கடை திறந்துட்டேன். என்னமோ ஆபரேஷன் தியேட்டருக்குள்ள செருப்போட நுழைஞ்ச மாதிரி கத்தினார் பாருங்க. கல்யாணமாகி என்னை அவர் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான். அதனால மறக்கல.

எங்க சாப்டர் கதை வேற. சிவில்ல இப்ப யாருங்க சேர்றா? எல்லாரும் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர். எங்க வகுப்புல பெஞ்சுக்கு ஒருத்தரா உக்காந்தாலும் பெஞ்சு மிச்சம் இருக்கும். பொங்கல் கழிஞ்சு சங்கத்து மேலிடத்துலேர்ந்து தகவல் வந்துச்சு. மார்ச்சுக்குள்ள ஒரு பொது நிகழ்ச்சி நடத்திக் காட்டணும், நூறு பேராவது வரணும், அதுல பாதிப் பேர் வேற டிபார்ட்மென்டா இருக்கணும், இல்லேன்னா இந்தக் கிளையை மூடிடறோம்னு. எங்க சாப்டர் ரூமை ரோபோ சாமான் வெக்கறதுக்குக் குடுத்துடலாம்னு பிரின்சிபால் ஆபீஸ்ல பேச்சு வேற.

அந்தச் சாப்டருக்கு முதல் பெண் செகரட்டரி யாருன்னு நினைக்கறீங்க? நான்தான். அதே காலேஜ்லதான் படிச்சேன். அந்த ரூம் கதவுல பேர்ப் பலகை மாட்டறப்போ ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ நான். மைக்கைப் பிடிச்சுப் பேசப் பழகினது அங்கதான். அதுக்கு முன்னாடி வகுப்புல பேரைக் கூப்பிட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும். அதை என் கையாலேயே பூட்டறதுன்னா... சிரிக்காதீங்க, அந்தத் தகவலைப் படிச்சுட்டு பாத்ரூம்ல போய் அழுதேன்.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கிட்டு வந்து எங்க சேர்மன் ஜெனிட்டாவைக் கூப்பிட்டேன். மூணாவது வருஷம் படிக்கற பொண்ணு, மணப்பாறை. ஐஸ் குச்சிப் பாலம் போட்டி வெப்போம் மேம்னா. குழு குழுவா பாலம் கட்டிக்கிட்டு வரணும். ஒவ்வொண்ணு மேலயும் எடையை ஏத்திக்கிட்டே போகணும். எது அதிக எடை தாங்குதோ அதுக்குப் பரிசு. மார்ச் மாசம் ரெண்டாவது புதன்கிழமைன்னு நாள் குறிச்சோம். அன்னைக்குச் சாயந்திரமே இவர்கிட்ட காபி குடுக்கறப்போ சொன்னேன். இந்த மாதிரி, இந்த நாள், ஏசி ஹால் வேணும்னு. அவர் காபியைக் குடிச்சுக்கிட்டே, அன்னைக்கு எங்க ரோபோ போட்டி ஆச்சே தமயந்தின்னார்.

எப்படி இருக்கும் எனக்கு? நான் சொல்லி வாய் மூடல, அதே நாள், அதே ஹால்! ஜூன் மாசமே காலேஜ் காலண்டர்ல அச்சடிச்சு வந்துருச்சாம். காலண்டரை யாருங்க பாக்கறாங்க? அது மேசையில கண்ணாடிக்கு அடியில கிடக்கு, அது மேல நான் டப்பாவை வெக்கறேன். நாளை மாத்திக்கயேன்னார். நான் எதுக்கு மாத்தணும்? அவர் மாத்தட்டும். சீஃப் கெஸ்ட் சென்னையிலேர்ந்து வர்றார், டிக்கெட் போட்டாச்சுங்கறார். எனக்கு மாசக் கடைசிக்குள்ள பரீட்சை வந்துடும், வேற நாளே இல்ல. அவருக்கு இது ஒரு விழா, எனக்கு இது சாப்டரோட உயிர். இதைப் புரிஞ்சுக்காத மனுஷன்கிட்ட பேச்சு எதுக்குன்னு அன்னைக்கே விட்டேன். அவரும் ரெண்டு மூணு தடவை பேச வந்தார். நான் மிக்ஸியைப் போட்டுட்டேன்.

ஹால் அவருக்குத்தான் போச்சு. ஊர்லயே ஜில்லுன்னு இருக்கிற ஹால், போர்வை கொண்டு போகணும், அப்படி ஒரு ஏசி. எங்களுக்கு சிவில் லேப் வராண்டா. பரவாயில்லைன்னுட்டேன். ஆனா ஆள் வரணுமே. அக்கா, இந்தக் காலத்துப் பசங்க எதுக்கும் சும்மா வரமாட்டாங்க. ஓ.டி. குடுக்கணும். ஓ.டி.ன்னா, வகுப்புக்குப் போகாமலே போனதாக் கணக்கு. அதுக்கு ஒரு கையெழுத்து, அப்புறம் கடிக்க ஏதாவது. ரெண்டு இடத்துலயும் ஓ.டி. உண்டுன்னா, ஏசியும் முட்டை பப்ஸும் இருக்கிற இடத்துக்குப் போவானா, வராண்டாவுல மேரி பிஸ்கட்டுக்கு வருவானா?

அன்னைக்குக் காலையில எங்க வராண்டாவுல மொத்தம் ஒரு பஸ்ல நிக்கிற கூட்டம் கூட இல்ல. எல்லாம் எங்க பசங்க. வேற டிபார்ட்மென்ட்னா, வழி தெரியாம வந்த ரெண்டு முதல் வருஷப் பசங்க. ஜெனிட்டா என் முகத்தைப் பாக்கறா, நான் சுவத்தைப் பாக்கறேன். சரி, விதி, ஆரம்பிங்கன்னு சொல்லிட்டேன். முதல் பாலம் படக்குன்னு உடைஞ்சுது. கை தட்டினாங்க, என்னமோ துக்க வீட்டுல இருமற மாதிரி.

அங்கதான் பாருங்க கடவுள் கண்ணைத் திறந்தார். ஹால்ல என்ன ஆச்சு தெரியுமா? ரோபோவை விட்டிருக்காங்க, நல்லாத்தான் ஓடியிருக்கு. நடுவுல எங்க வீட்டு சார் எந்திரிச்சு, புழுக்கமா இருக்குன்னு சொல்லி, கிழக்குப் பக்கத்துத் திரையை அந்தக் கடைசியிலேர்ந்து இந்தக் கடைசி வரைக்கும் சர்ருன்னு இழுத்து விட்டுட்டார். அவர் கையாலேயே! காலை வெயில் பளீர்னு உள்ள. அவ்வளவுதான், ரோபோவெல்லாம் கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சாம். ஒண்ணு சுவத்துல முட்டிக்கிட்டு நிக்குது. ஒண்ணு வட்டம் போடுது. ஒண்ணு நேரா மேடைப் பக்கம் போய் சீஃப் கெஸ்ட்டோட ஷூ மேல ஏறியிருக்கு. பசங்க திரையை மூடுங்க சார்னு கத்தறாங்க. கயிறு சிக்கிக்கிச்சு, மூட வரலைன்னாராம். வருஷக் கணக்கா ரோபோ மேய்க்கற ஆளுக்குத் திரை மூடத் தெரியல பாருங்க. கேட்டப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதோட விட்டாரா? மைக்கைப் பிடிச்சு, போட்டியை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெக்கறோம், இன்னைக்கு ஓ.டி. வேணுங்கறவங்க சிவில் வராண்டாவுல போய்க் கையெழுத்துப் போடுங்கன்னு சொல்லியிருக்கார். பாத்தீங்களா கொழுப்பை? தன் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசல்ல தள்ளற மாதிரி. போதாததுக்குப் பின்னாலேயே அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியா பப்ஸ் வருது. அவங்க வாங்கி வெச்சு வீணாப் போறதையும் என் தலையில கட்டிட்டார். அதுவும் அவங்க சாப்டர்ல எப்பவும் முட்டை பப்ஸ்தான், அதுக்குத்தான் பசங்க போறதே. அன்னைக்குன்னு பாத்து ஒண்ணுல கூட முட்டை இல்ல. எல்லாம் காய்கறி. பசங்க முகம் சுழிச்சாங்க. எனக்கு முட்டை ஆகாதுங்க, வாடையே ஆகாது. அதனால நான் ரெண்டு சாப்பிட்டேன். சூடா நல்லாத்தான் இருந்துச்சு.

ஆனா கூட்டம்னா கூட்டம் அக்கா! வராண்டா கொள்ளல. படியில நிக்கறாங்க, மாடியிலேர்ந்து எட்டிப் பாக்கறாங்க. ஒவ்வொரு பாலமும் படக் படக்னு உடையறப்போ ஓன்னு கத்தறாங்க. ரோபோ பத்து நிமிஷம் பாத்தா தூக்கம் வந்துடும். உடையறதைப் பாக்க யாருக்கு அலுக்கும்? கடைசியா வந்தது இந்தப் பாலம். கட்டினது யாருன்னு கேக்கறீங்களா? எங்க வகுப்புலயே பாஸ் மார்க் எடுக்கத் திணறற நாலு பேர். நான் கூட இது முதல்லயே போயிடும்னு ஜெனிட்டா காதுல சொன்னேன். லேப்ல இருந்த இரும்பு எடையெல்லாம் ஏத்தியாச்சு, உடையல. செங்கல் வெச்சோம். உடையல. மணல் மூட்டை. அசையல. இனிமே வெக்க ஒண்ணும் இல்ல. அப்பதான் மெக்கானிக்கல் பசங்க ஹாலுக்கு ஓடிப் போய் அந்த ரோபோவையெல்லாம் தூக்கிக்கிட்டு வந்தாங்க. ஒண்ணொண்ணா இந்தப் பாலத்து மேல அடுக்கறாங்க. அந்த சீஃப் கெஸ்ட் தன் பங்குக்குப் பொன்னாடையையும் நினைவுப் பரிசையும் மேல வெச்சார். ம்ஹூம். உடையவே இல்ல.

நான் மைக்கை எடுத்தேன். என்ன பேசினேன்னு நினைவில்ல. கூட்டத்துக்குக் கடைசியில, தூணுக்குப் பக்கத்துல இவர் நின்னுக்கிட்டிருந்தார். அவங்க டிபார்ட்மென்ட் தலைவர் எல்லார் முன்னாடியும் அவரைக் கேக்காத கேள்வி கேட்டு முடிச்சிருந்தார். சின்னப் பசங்க முன்னாடி அவர் தலை குனிஞ்சு நின்னதை நான் அதுவரைக்கும் பாத்ததில்ல. ஆனா எங்க பாலத்தைப் பாத்து அப்படி ஒரு சிரிப்பு சிரிக்கறார். தோத்த மனுஷனுக்கு எதுக்குங்க சிரிப்பு? அன்னைக்கு ராத்திரி ‘வீடு’ல ‘பாலம் பிரமாதம்’னு போட்டார். நான் கட்டைவிரல் கூடப் போடல.

இன்னைக்கு ஆண்டு விழா. எங்க சாப்டர் தொடரலாம்னு மேலிடத்துலேர்ந்து வந்துருச்சு, மேடையிலயே படிச்சாங்க. ஜெனிட்டா இந்தப் பாலத்தை எனக்குப் பரிசாக் குடுத்தா. ஷீல்டு? கரண்டுக்காரங்களுக்குப் போச்சு. விழாவையே பாதியில நிறுத்தின சாப்டருக்கு யார் ஷீல்டு குடுப்பா? அந்த இடத்துல, டிவி பக்கத்துல, இதை வெக்கப் போறேன். அளவு பாத்து வெச்சிருக்கேன்.

என்னக்கா கேட்டீங்க? திரையை எதுக்குத் திறந்தாரா?

சொன்னேனே. புழுக்கமா இருக்குன்னு...

ஏசி ஹால்தான். ஆமா. போர்வை கொண்டு போகணும்னு நான்தான் சொன்னேன்.

இல்லக்கா, மறந்திருப்பார். மனுஷன்னா மறதி இருக்காதா? ஆனா வெயில் பட்டா ரோபோ ஓடாதுங்கறதை எப்படி மறப்பார்? அதுக்குத்தானே என்னையே அந்தச் சத்தம் போட்டார். திரைக் கயிறு சிக்கிக்கிச்சுன்னார். எங்க வீட்டுல கொடிக்கயிறு, திரைக்கயிறு, பொண்ணோட பாவாடை நாடா, எது சிக்கினாலும் அவர்தான் எடுப்பார். ஓ.டி.க்குச் சிவிலுக்குப் போங்கன்னு... அவரே மைக்ல... பப்ஸு. அது முதல் நாளே சொல்லி வெக்கணுமே அக்கா. பேக்கரியில அத்தனை பப்ஸ் காலையில போய்க் கேட்டா கிடைக்காது. முட்டை வேணாம்னு முதல் நாளே சொல்லியிருக்கார்.

ஷீல்டு போயிடும்னு தெரியும் அவருக்கு. திட்டு வாங்கணும்னும் தெரியும். பசங்க முன்னாடி.

நீங்க எதுக்கு முந்தானையால வாயை மூடிக்கிட்டு சிரிக்கறீங்க? எப்பலேர்ந்து சிரிக்கறீங்க? திருவெள்ளறை தாண்டறதுக்கு முன்னாடியேவா? சொல்லக் கூடாதா என்கிட்ட! நான் பாட்டுக்கு மூச்சு விடாம பேசிக்கிட்டு வர்றேன். அவரும்தான் ஒரு வார்த்தை சொன்னாரா? எப்படிச் சொல்லுவார், நான்தான் மிக்ஸியைப் போட்டேனே.

ஐயோ, கண்ணுல என்னமோ... தூசிதான். இல்ல, தூசி இல்ல. அழுகைதான், என்ன இப்ப.

புலிவலம் வந்துருச்சா? பாத்து இறங்குங்கக்கா. பாலத்தை மெதுவா விடுங்க, அப்படித்தான். போறப்போ அவர்கிட்ட இந்த சீட்டு காலியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு... வேணாம், வேணாம். நானே சொல்லிக்கறேன்.

ஏங்க. உங்களைத்தான். தூங்கறவர் தலை இப்படி நேரா நிக்காதுங்க, தெரியும். எந்திரிச்சு முன்னால வாங்க. பாலத்தைப் பிடிக்க ஆள் இல்ல. இந்தப் பக்கம், ஜன்னல் ஓரமா நீங்க உக்காருங்க.

மூஞ்சியில வெயில் அடிக்குதா? அடிக்கட்டும். ஷட்டரை இறக்காதீங்க.